விமானப் பொறியியல் கல்வியில் சிமுலேட்டரும் அமைப்பு இனங்காணலும்: ஒரு திறனாய்வு

பறப்புச் சிமுலேட்டர் என்பது ஒரு விமானத்தின் இயக்கத்தைக் கணிதச் சமன்பாடுகளாகக் கணினியில் ஓட்டி, பறக்கும் அனுபவத்தைத் தரையிலேயே தரும் கருவி. சிஸ்டம் ஐடென்டிஃபிகேஷன் எனப்படும் அமைப்பு இனங்காணல் இதற்கு எதிர்த்திசையில் செல்வது. உண்மையில் பறந்த விமானத்தில் பதிவான அளவீடுகளைக் கொண்டு, அந்தச் சமன்பாடுகளில் வரவேண்டிய எண்களைக் கண்டறிவது அதன் வேலை. முதலாவது மாதிரியிலிருந்து இயக்கத்தைத் தருகிறது. இரண்டாவது இயக்கத்திலிருந்து மாதிரியைத் தருகிறது. விமானப் பொறியியல் கல்வியில் சிமுலேட்டர் எளிதாக இடம்பிடித்துவிடுகிறது. அமைப்பு இனங்காணல் பெரும்பாலும் முதுநிலைப் படிப்புக்கும் ஆய்வுக்கும் ஒதுக்கப்படுகிறது. இவ்வாறு பிரித்து வைப்பதால் மாணவருக்கு நேரும் இழப்பைச் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டும், இந்திய விமான ஆய்வின் அனுபவத்தைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிமுலேட்டரின் வரலாறும் இயல்பும்

அமெரிக்காவின் எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய பயிற்சிக் கருவி நவீன சிமுலேட்டர்களின் முன்னோடி. அவருடைய குடும்பத் தொழில் ஆர்கன் இசைக்கருவி செய்வது. அந்த இசைக்கருவியில் காற்றை ஊதும் துருத்திகளையே அவர் தம் கருவியைச் சாய்க்கவும் திருப்பவும் பயன்படுத்தினார். விமானி கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும். எவ்வளவு சாயவேண்டும் என்பதைக் கருவியைச் செய்தவரே முடிவு செய்திருந்தார்.

இன்றைய கணினிச் சிமுலேட்டரிலும் இந்த அடிப்படை மாறவில்லை. ஃப்ளைட்கியர் என்ற கட்டற்ற மென்பொருளில் விமானத்தின் இயக்கத்தைக் கணக்கிட ஜேஎஸ்பிசிம் என்ற நிரலைப் பயன்படுத்தலாம். அதில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் உரைக்கோப்பு உண்டு. தாக்குகோணம் ஒரு பாகை கூடினால் ஏற்றவிசை எவ்வளவு கூடும், எலிவேட்டர் தட்டு அசைந்தால் மூக்கு எவ்வளவு வேகமாக எழும் என்பன போன்ற குணகங்கள் அதில் அட்டவணையாக இருக்கும். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரின் வழி வேறு. அது இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, வடிவத்திலிருந்து விசைகளைக் கணக்கிடுகிறது. ஒரே விமானம் இவ்விரண்டிலும் சற்றே வேறுபட்டுப் பறந்தால் வியப்பதற்கில்லை. உண்மை விமானத்துக்கு எது நெருக்கமானது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்குரிய விடை சிமுலேட்டருக்குள் இல்லை. பறந்து அளந்தால்தான் கிடைக்கும்.

சேர்வராயன் மலை: ஓர் எடுத்துக்காட்டு

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. நகரின் வடகிழக்கே எழும் சேர்வராயன் மலையில் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சேலத்திலிருந்து செல்லும் மலைப்பாதை 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருப்பதால், மாணவர் ஒருவர் சிமுலேட்டரில் அங்கிருந்து புறப்பட்டுச் சில நிமிடங்களில் மலைக்கு மேலே சென்றுவிடலாம்.

திரையில் தெரியும் மலையின் வடிவம் பெரும்பாலும் நம்பத்தக்கது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு புவிப்பரப்பின் பெரும்பகுதியை அளந்தது. அந்த உயரத் தரவுகளையே பல சிமுலேட்டர்கள் நிலக்காட்சிக்கு எடுத்தாளுகின்றன. ஆகவே சேர்வராயனின் மேடும் பள்ளமும் அளந்து பெறப்பட்டவை.

மலையைச் சூழ்ந்த காற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சிமுலேட்டர்கள் காற்றின் அடர்த்தியைக் கணக்கிடுவதற்குப் பன்னாட்டுத் தர வளிமண்டலம் என்ற பொதுவான அட்டவணையைத் தொடக்கமாகக் கொள்கின்றன. அதன்படி கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோகிராம், 1,500 மீட்டரில் 1.058 கிலோகிராம். ஆனால் அந்த அட்டவணை 1,500 மீட்டரில் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் என்று கொள்கிறது. ஏற்காட்டில் கோடைப் பகலில் வெப்பநிலை 25 பாகையாக இருந்தால், அதே அழுத்தத்தில் அடர்த்தி 0.99 கிலோகிராம் அளவுக்குக் குறையும். அதே ஏற்றவிசையைப் பெற, கடல்மட்டத் தர நிலையைவிட விமானம் அட்டவணைப்படி சுமார் 7.6 விழுக்காடு வேகமாகச் செல்லவேண்டும். வெப்பமான ஏற்காட்டுக் காற்றில் சுமார் 11 விழுக்காடு வேகமாகச் செல்லவேண்டும். வெப்பநிலையை மாற்றி உள்ளிடச் சிமுலேட்டரில் வசதி உண்டு. மாற்றவேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் மாணவர் அதை மாற்றுவார்.

காற்றோட்டத்தின் நிலை இன்னும் சிக்கலானது. மலையை நோக்கி வீசும் காற்று ஒரு சரிவில் ஏறி மறுசரிவில் இறங்கும். இறங்கும் பக்கத்தில் சுழல்களும் குலுக்கல்களும் தோன்றும். சில சிமுலேட்டர்கள் இதையும் ஒரு சூத்திரத்தால் சேர்த்துக்கொள்கின்றன. அது எல்லா மலைகளுக்கும் பொதுவான சூத்திரம். சேர்வராயனில் காற்றை அளந்து பெற்றது அல்ல. மலை அளக்கப்பட்டது, காற்று ஊகிக்கப்பட்டது. இரண்டும் ஒரே திரையில் ஒரே தெளிவோடு தோன்றுகின்றன. கல்விக்கருவி என்ற வகையில் சிமுலேட்டரின் மிகப் பெரிய குறை இதுவே. அளந்த எண்ணுக்கும் ஊகித்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அது மாணவருக்குக் காட்டுவதில்லை.

தட்டிப் பார்த்து அறிதல்

பலாப்பழம் வாங்குபவர் அதைத் தட்டிப் பார்க்கிறார். எழும் ஒலியைக் கொண்டு உள்ளே சுளை பழுத்திருக்கிறதா என்று ஊகிக்கிறார். பழத்தை அறுக்காமலே உள்ளிருப்பதை அறியும் இந்த வழக்கம்தான் அமைப்பு இனங்காணலின் சாரம். தட்டுவது உள்ளீடு, ஒலி வெளியீடு. இரண்டையும் இணைத்துப் பார்த்து உள்ளமைப்பை அறிகிறோம்.

விமானத்தைத் தட்டுவதற்கும் முறை உண்டு. ஜெர்மனியின் டிஎல்ஆர் ஆய்வு நிறுவனத்தில் உருவான 3-2-1-1 என்ற உள்ளீடு பெயர்பெற்றது. எலிவேட்டரை 3 அலகு நேரம் ஒரு பக்கமும், 2 அலகு நேரம் மறுபக்கமும், பிறகு ஒவ்வோர் அலகு நேரம் இரு பக்கமும் அசைப்பார்கள். நீண்ட அசைவு விமானத்தின் மெதுவான இயல்புகளையும், குறுகிய அசைவு விரைவான இயல்புகளையும் தூண்டும். ஒரே மாதிரி மட்டும் தட்டினால் சில இயல்புகள் பதில் சொல்லாமலே இருந்துவிடும்.

இத்துறையில் நான்கு கூறுகளைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்: விமானத்தைத் தூண்டும் அசைவு, அதை அளக்கும் உணரிகள், கணக்கிடும் முறை, கணக்கிடப்படும் மாதிரி. ஆங்கிலத்தில் நான்கும் 'எம்' என்ற எழுத்தில் தொடங்குவதால் 'குவாட்-எம்' என்பர். இவற்றில் எது பழுதானாலும் முடிவு பழுதாகும். ஆசிரியர் நோக்கில் இதன் சிறப்பு என்னவென்றால், மாணவர் விடையோடு நிற்க முடியாது. விடையின் ஐயப்பாட்டு எல்லையையும் சேர்த்தே எழுதவேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் 'இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம்' என்று எழுதப் பழகியவர், அட்டவணையில் அச்சான எந்த எண்ணையும் கேள்வி கேளாமல் ஏற்கமாட்டார்.

இந்திய அனுபவம்

இந்தியாவில் இத்துறைக்கு வலுவான மரபு உண்டு. பெங்களூருவில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகமான என்ஏஎல், ஹன்சா என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தை வடிவமைத்தது. அதன் முதல் பறப்பு 1993இல் நிகழ்ந்தது. கலப்புப் பொருள்களால் ஆன இந்தச் சிறு விமானம் ஐஐடி கான்பூரின் பறப்பு ஆய்வகத்தில் பறக்கும் வகுப்பறையாகவும் பயன்பட்டது. அந்நிறுவனத்துக்குச் சொந்த ஓடுதளம் உண்டு. அங்கு ஹன்சாவில் பதிவான தரவுகளைக் கொண்டு குணகங்களைக் கணிக்கும் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. பிற கல்வி நிறுவனங்களின் மாணவர்களும் அங்கு சென்று குறுகியகாலப் பறப்புப் பயிற்சி பெற்றுள்ளனர். விமானத்தில் அமர்ந்து, தாமே குறித்த அளவீடுகளைக் கொண்டு வந்து, தாமே கணக்கிடுவது அந்தப் பயிற்சியின் பயன்.

தேஜஸ் போர் விமானத்தின் வரலாறு இன்னொரு பாடம். விரைந்து திரும்புவதற்காக அது வேண்டுமென்றே நிலைத்தன்மை குறைவாக வடிவமைக்கப்பட்டது. கணினியின் இடைவிடாத திருத்தம் இல்லாமல் அதைப் பறக்கவிட முடியாது. ஆகவே முதல் பறப்புக்கு முன்னரே கட்டுப்பாட்டு நிரல்கள் சிமுலேட்டர்களில் நீண்ட காலம் சோதிக்கப்பட்டன. 1996இல் அமெரிக்காவில் எஃப்-16 விஸ்டா என்ற விமானத்திலும் அவை சோதிக்கப்பட்டன. அந்த விமானம் தன் நடத்தையை மாற்றிக்கொண்டு வேறொரு விமானம் போலப் பறக்கவல்ல பறக்கும் சிமுலேட்டர். 1998ஆம் ஆண்டு அணுவெடிப்புச் சோதனைக்குப் பின் அமெரிக்கத் தடையால் அந்த ஒத்துழைப்பு நின்றது. எஞ்சிய பணியை இந்தியக் குழுவினரே முடித்தனர். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் முதன்முதலாகப் பறந்தது. இங்கே சிமுலேட்டர் இன்றியமையாததாக இருந்தது. ஆனால் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. பறக்கத் தொடங்கிய பின், பறப்புத் தரவிலிருந்து குணகங்களைக் கணித்துக் காற்றுச் சுரங்கத்தில் பெற்ற எண்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பணி தொடர்ந்தது. சிமுலேட்டரை நம்பியவர்களே அதைத் திருத்தவும் தயாராக இருந்தனர்.

நூல்கள்

இத்துறையின் முக்கிய நூல்களில் இந்தியர் பங்கு பெரிது. ஜே. ஆர். ராவல், ஜி. கிரிஜா, ஜே. சிங் ஆகிய மூவரும் எழுதி 2004இல் வெளிவந்த 'மாடலிங் அண்ட் பாராமீட்டர் எஸ்டிமேஷன் ஆஃப் டைனமிக் சிஸ்டம்ஸ்' என்ற நூல் என்ஏஎல் அனுபவத்திலிருந்து எழுந்தது. ரவீந்திர ஜதேகாங்கர் ஜெர்மனியின் டிஎல்ஆரில் பணியாற்றியவர். அவருடைய 'ஃப்ளைட் வெஹிக்கிள் சிஸ்டம் ஐடென்டிஃபிகேஷன்' 2006இல் வெளியானது. அதே ஆண்டில் அமெரிக்காவின் கிளைனும் மொரெல்லியும் எழுதிய நூலும் வந்தது.

இவற்றின் ஆழத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மூன்றும் ஓரளவு தேர்ந்த வாசகருக்கானவை. அணிக்கோவையும் நிகழ்தகவும் கைவரப் பெற்ற பின்பே இவற்றுக்குள் நுழைய முடியும். இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர், ஊஞ்சலின் அலைவு நேரத்தை அளப்பதுபோன்ற எளிய சோதனையில் தொடங்கி விமானம் வரை படிப்படியாக ஏறுவதற்கான நூல் தேவை. தமிழில் அத்தகைய நூல் ஒன்று எழுதப்பட்டால் பெரும் பயன் விளையும். தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்து விமானப் பொறியியல் சேரும் மாணவருக்குக் கணிதம் தடையாக இருப்பதில்லை. கணிதம் எதற்காக என்று விளக்கப்படாததே தடையாகிறது.

போட்டதையே எடுத்தல்

சிமுலேட்டரையும் அமைப்பு இனங்காணலையும் இணைக்கும் பயிற்சிகளிலும் ஒரு குறை உண்டு. மாணவர் சிமுலேட்டரை ஓட்டி, அது தரும் அளவீடுகளைப் பதிவு செய்து, அவற்றிலிருந்து குணகங்களைக் கணிக்கிறார். விடை மிகத் துல்லியமாக வருகிறது; திட்ட அறிக்கை அழகாக அமைகிறது. ஆனால் கண்டுபிடிக்கப்பட்டது சிமுலேட்டரின் கோப்பில் ஏற்கனவே எழுதியிருந்த எண்தான். உண்டியலில் தான் போட்ட காசைத் தானே எடுத்து எண்ணியதற்கு ஒப்பானது இது. கணக்கிடும் முறை சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க இப்பயிற்சி உதவும். விமானத்தைப் பற்றி இது எதையும் சொல்லாது. இந்த வேறுபாட்டை ஆசிரியர் எடுத்துச் சொல்லாவிட்டால், மாணவர் இயற்கையோடு பேசியதாக எண்ணிக்கொண்டு தன் எதிரொலியோடு பேசிக்கொண்டிருப்பார்.

உண்மைத் தரவு இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. உணரியில் இரைச்சல் இருக்கும், காற்று குலுக்கும், விமானியின் கை சற்றுத் தாமதிக்கும். சில குணகங்களைப் பிரித்தறியவே முடியாது. எடுத்துக்காட்டாக, மூக்கு எழும் வேகத்தால் தோன்றும் தணிப்பும், தாக்குகோணம் மாறும் வேகத்தால் தோன்றும் தணிப்பும் வழக்கமான அசைவுகளில் ஒன்றாகவே வெளிப்படும். இரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே அறிய இயலும். 'இந்தத் தரவு இதற்கு மேல் சொல்லாது' என்று நிறுத்திக்கொள்வதும் பொறியியல் அறிவின் ஒரு பகுதி. சிமுலேட்டரில் மட்டும் பழகியவருக்கு அந்த வாய்ப்பு வருவதே இல்லை.

தவறான மாதிரியின் விலை

மாதிரியில் உள்ள பிழை வகுப்பறையோடு நின்றுவிடாது என்பதற்கு 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் நிகழ்ந்த விபத்து சான்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 587ஆம் எண் ஏர்பஸ் ஏ300-600 விமானம், முன்சென்ற பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் சிக்கியது. துணை விமானி சுக்கான் மிதியை மாறி மாறி அழுத்தியதில் செங்குத்து வால் முறிந்து விமானம் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தனர். தேவையற்ற, மிகையான சுக்கான் அசைவே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. அந்த விமானத்தின் சுக்கான் அமைப்பையும், நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தின் சில கூறுகளையும் துணைக் காரணங்களாகக் குறிப்பிட்டது. அந்தப் பயிற்சியின் சிமுலேட்டர் பாடத்தில், காற்றுச் சுழலில் விமானம் உண்மையில் புரள்வதைவிட மிக அதிகமாகப் புரளும்படி அமைத்திருந்தனர். விமானியின் கட்டுப்பாடு சற்று நேரம் பயன்படாதபடியும் செய்திருந்தனர். இயற்கையில் இல்லாத ஒன்றுக்கு எதிர்வினை செய்ய அந்தப் பாடம் பழக்கியது.

அந்தச் சிமுலேட்டர் பழுதாகவில்லை. தனக்குள் எழுதப்பட்டதை அது சரியாகவே நடித்துக் காட்டியது. 'இது உண்மைப் பறப்போடு ஒத்துப்போகிறதா?' என்ற கேள்வியே போதிய அளவு கேட்கப்படவில்லை.

தமிழ்நாட்டில் செய்யத்தக்கவை

குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்பப் பயிலகமான எம்ஐடி 1949இல் சி. ராஜம் நிறுவியது. அங்கு பயின்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த, பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு விமானங்கள் தம்மை ஈர்த்ததைத் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். பறக்காத விமானம்கூட, தொட்டுப் பார்க்கக் கிடைத்தால், மாணவரின் திசையை மாற்றவல்லது. இன்று அதே எம்ஐடி ஆளில்லா விமானங்களில் பெயர் பெற்றுள்ளது. சிறிய ஆளில்லா விமானத்தில் முடுக்கம், சுழற்சி, அழுத்தம், இருப்பிடம் ஆகியவற்றை அளக்கும் உணரிகள் ஏற்கனவே உள்ளன. பறந்து முடிந்ததும் எல்லாம் பதிவாகியிருக்கும். விமானம் வாங்க முடியாத கல்லூரியும் பறப்புத் தரவைப் பெற இயலும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. பறக்கவிடுவது ஆபத்தானது, அனுமதி தேவை, பருவத்தேர்வுக் கால அட்டவணைக்குள் அடங்காது. இவை நியாயமானவை. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் விமான நிலையம் சூழ்ந்த பகுதிகளில் கட்டுப்பாடுகளை விதிக்கின்றன. நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது. ஆனால் அளந்து பார்க்கும் பழக்கத்தைத் தொடங்க விமானமே தேவையில்லை. அழுத்தமானி உள்ள கைப்பேசியோடு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் செல்லும் மாணவர், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அழுத்தத்தைக் குறிக்கலாம். தர வளிமண்டலத்தின்படி அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஏறத்தாழ 130 ஹெக்டோபாஸ்கல் குறையவேண்டும். ஒரு வெப்பமானியும் இருந்தால் அடர்த்தியைத் தாமே கணக்கிட்டு, சிமுலேட்டர் அதே உயரத்தில் காட்டும் அடர்த்தியோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்துவராத இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

அடுத்த படியாக, கையால் எறியும் இலகு மர கிளைடரைப் பள்ளி மைதானத்தில் பறக்கவிட்டு, கைப்பேசியில் படம் பிடித்து, அது இறங்கும் சாய்விலிருந்து ஏற்றவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதத்தைக் கணிக்கலாம். 10 மீட்டர் சென்று 2 மீட்டர் இறங்கினால் விகிதம் 5. பின்னர் அதே கிளைடருக்குரிய கோப்பை ஜேஎஸ்பிசிம்மில் மாணவரே எழுதி ஓட்டிப் பார்க்கலாம். தம் எண்ணால் ஓடும் சிமுலேட்டரைப் பார்க்கும் மாணவருக்கு அதன் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எப்போதும் மறக்காது.

மதிப்பீடு

சிமுலேட்டர் நல்ல கல்விக்கருவி. உயிருக்கு ஆபத்தின்றிப் பிழை செய்ய அது இடம் தருகிறது. ஒரே சூழலை நூறு முறை திரும்பக் கொண்டுவருகிறது. விமானம் காணாத மாணவருக்கும் பறப்பின் ஒழுங்கைக் காட்டுகிறது. அதை ஒதுக்கவேண்டும் என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் அது ஒரு பாடநூலைப் போன்றது. எழுதியவர் அறிந்த அளவே அதில் இருக்கும். பாடநூலைத் திருத்தும் உரிமை உண்மைக்கு மட்டுமே உண்டு. அந்த உண்மையைக் கேட்டறியும் முறைதான் அமைப்பு இனங்காணல். முதலாவதை மட்டும் கற்பிக்கும் கல்லூரி, திரையை ஓட்டத் தெரிந்த பட்டதாரிகளை அனுப்பும். இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் கல்லூரியின் பட்டதாரி, திரை பொய் சொல்லும்போது அதைக் கண்டுபிடிப்பார். நாளை அந்தத் திரையை நம்பி உண்மை விமானத்தில் ஏறப்போகிறவர்களுக்கு இந்த இரண்டாமவரே தேவை.